சுத்தத் தண்ணியிலயும் வைரஸ் காட்டுது: வாழை முடிக்கொத்துக்கு ரியல் டைம் பிசிஆர் கிட், உதவி வேணும்

மட்டிக்குலை · திங்கள், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில பிஎச்டி, ரெண்டாம் வருஷம். வேலை வாழை முடிக்கொத்து வைரஸ்ல. நோய் வெளிய தெரியாத பக்கக்கன்னுல எவ்வளவு வைரஸ் கெடக்குன்னு எண்ணிப் பாக்கணும், அதாக்கும் தலைப்பு. சாதா பிசிஆர்னா (டிஎன்ஏ துண்டை நகல் எடுத்துப் பெருக்கிக் காட்டுற முறை) ஜெல்லுல கோடு விழும், விழாது, அவ்வளவுதான். எண்ணிக்கை வேணுங்கிறதால ப்ரோப் (தேடுற துண்டு பெருகினா ஒளிர்ற சாயத் துண்டு) வெச்ச ரியல் டைம் கிட் ஒண்ணு வாங்கினோம். 150 ரியாக்ஷன். ப்ரைமர்-ப்ரோப் கலவை ஒரு ட்யூப், பாசிட்டிவ் கன்ட்ரோல் (நகல் எண்ணிக்கை தெரிஞ்ச வைரஸ் துண்டு) ஒரு ட்யூப், ரெண்டும் உலர்ந்த பொடி. கரைக்க பஃபரும் தண்ணியும் கூடவே வந்துது. மாஸ்டர் மிக்ஸ் (என்சைம் கலவை) தனியா வாங்கினது.

வேர்க்கிளம்பி பக்கம் எனக்க மாமா விளையில 300 மூடு ஏத்தன் வாழை நிக்குது. அதுல 22 மூட்டுல இலை எடுத்தேன். 5 மூடு பாத்தாலே தெரியும், உச்சியில இலை எல்லாம் கொத்தா நிமிந்து நிக்கும். மிச்சம் 17 நல்ல பச்சை.

ஓட்டிப் பாத்தா 22-ம் பாசிட்டிவ். நோய் தெரிஞ்ச அஞ்சும் சிடி (எத்தனாவது சைக்கிள்ல தெரியுதுங்கிற எண், கம்மின்னா வைரஸ் கூடுதல்) 17ல இருந்து 19. நல்லா நிக்கிற பதினேழும் 33ல இருந்து 36. அதுவரைக்கும் சந்தோஷமாத்தான் இருந்தேன். அப்புறம் என்டிசி பாத்தேன். வெறும் தண்ணி போட்ட ரெண்டு குழியும் 35.8, 36.4.

மாமா தினம் ரெண்டு தடவை போன் பண்ணுதாரு, "எந்த மூட்டை வெட்ட?"ன்னு. கைடு வேற கம்பெனி கிட் வாங்கலாம்ங்கிறாரு. ப்ராஜெக்ட்ல இன்னும் ஒரு கிட் வாங்கத்தான் காசு இருக்கு. எது வாங்கலாம்?

பைப்பெட்_அக்கா · திங்கள், இரவு 11.15

தங்கச்சி, கிட் மாத்துறதை அப்புறம் பேசுவோம். தண்ணி பாசிட்டிவ் வந்தா அந்த ஓட்டத்துல 33-ம் 36-ம் பேச்சுக்கே எடுக்கக் கூடாது. 17 வந்தது உண்மை, அதுல சந்தேகம் இல்ல. மிச்சத்தை எல்லாம் கிழிச்சுப் போடு.

சில கேள்வி கேக்கேன், வெக்கப்படாம பதில் சொல்லு. பாசிட்டிவ் கன்ட்ரோல் ட்யூபை எங்க வெச்சுத் திறந்த? திறக்கிறதுக்கு முன்ன சுத்தி இறக்கினியா? மாஸ்டர் மிக்ஸ் கலக்குனதும் அதே பைப்பெட்டா? மேல ஃபேன் ஓடிச்சா? இலை அரைச்சது எதுல?

மட்டிக்குலை · திங்கள், இரவு 11.32

அக்கா, எல்லாத்துக்கும் பதில் தப்பாத்தான் இருக்கு.

ஒரே மேஜை. ஒரே பைப்பெட் செட்டு. ட்யூபை சுத்தல. மூடியைத் திறந்தப்ப லேசா "டிக்"குன்னு ஒரு சத்தம் கேட்டுது. ஃபேன் ஓடிச்சு, எங்க லேப்ல ஏசி பேருக்குத்தான். இலை அரைச்சது பீங்கான் உரல்ல, ஒவ்வொரு சாம்பிளுக்கும் நடுவுல சோப்பு போட்டுக் கழுவினேன்.

பைப்பெட்_அக்கா · செவ்வாய், காலை 6.50

அந்த "டிக்" சத்தம்தான் உனக்க 36.

உலர்ந்த பொடின்னு சொல்லுதோம், ஆனா கண்ணுக்கு அது ட்யூப் அடியில படிஞ்ச ஒரு சின்னப் பொருக்கு. கூரியர்ல குலுங்கி வரும்போது மூடியில ஒட்டிக்கும். சுத்தி அடிக்கு இறக்காம மூடியைத் திறந்தா பறக்கும். உன் கிட் தாள்ல என்ன போட்டிருக்கு? கரைச்சா ஒரு மைக்ரோலிட்டருக்கு 2 லட்சம் நகல்னு இருக்குமே? அப்படின்னா அதுல ஆயிரத்துல ஒரு பங்கு தூவானம் கையுறையில பட்டாலே 200 நகல். இந்த மெஷினுக்கு அஞ்சாறு நகல் இருந்தாப் போதும், 36ல ஏறிரும். நீ நாத்தம் பிடிக்கிற மீன் கூடையை அடுக்களையில திறந்துட்டு, சாம்பார்ல எப்படி மீன் வாசம் வந்துதுன்னு கேக்க.

கொரோனா நேரத்துல நான் ஒரு லேப்ல ஷிப்ட் போட்டு ஓட்டினவ. அங்க மாஸ்டர் மிக்ஸ் ரூம்ல இருந்து டெம்ப்ளேட் (சாம்பிள் டிஎன்ஏ) ரூமுக்குப் போகலாம், திரும்பி அன்னைக்கு வரக் கூடாது. கோட்டு கூட வேற. உங்க கல்லூரியில மூணு ரூம் கிடைக்காது, தெரியும். ஆனா மாஸ்டர் மிக்ஸ் கலக்க வேற டிபார்ட்மென்ட்ல ஒரு மூலை கேட்டு வாங்கு. டெம்ப்ளேட்டே தொடாத ஒரு பைப்பெட் அங்கேயே கிடக்கட்டும். ஃபில்டர் டிப் போடு. ஃபேனை நிறுத்து, வேர்த்தா வேர்க்கட்டும்.

மேஜையை பத்துல ஒரு பங்கு ப்ளீச்ல தொடச்சு பத்து நிமிஷம் விடு, அப்புறம் தண்ணி, அப்புறம் 70 சதம் ஆல்கஹால். ஆல்கஹால் மட்டும் போட்டா டிஎன்ஏ சாகாது, இடம் மாறும். அந்தத் தண்ணி ட்யூபைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா திற. முதல்ல சாம்பிளே இல்லாம எட்டுக் குழி தண்ணி மட்டும் ஓட்டு. எட்டும் சுத்தமானா பேசுவோம்.

இன்னொண்ணு. தண்ணி 36, நல்ல செடி சிலது 33. மூணு சைக்கிள்னா எட்டு மடங்கு. தண்ணியில வந்த அசுத்தம் மட்டும்னா செடியும் 36 சுத்திதான் வரணும். அந்த எட்டு மடங்கு எங்கேருந்து வந்துது? உரல்ல இருந்து. சோப்பு டிஎன்ஏவைக் கொல்லாது மக்ளே. நோய் இலை அரைச்ச உரல்ல அடுத்து நல்ல இலை. எக்ஸ்ட்ராக்ஷன் பிளாங்க் வெச்சியா? இலை இல்லாம வெறும் பஃபரை எல்லாப் படியிலயும் கூடவே கொண்டுபோற ட்யூப்?

மட்டிக்குலை · செவ்வாய், காலை 7.20

இல்ல அக்கா. ☹

வெளைக்காரன் · செவ்வாய், காலை 8.05

நான் குலசேகரம் பக்கம். 35 வருஷமா வாழை. உங்க பேச்சுல பாதி எனக்கு வெளங்கல்ல, ஆனா இந்த நோயி நல்லா வெளங்கும்.

மக்ளே, இதுக்கு மெஷின் எதுக்கு? இலைக்காம்பை வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பாரு. கரும்பச்சையில புள்ளியும் கோடும் மாறி மாறி, தந்தி அடிச்ச மாதிரி ஓடும். இலை நடுநரம்போட சேர்ற இடத்துல கொக்கி மாதிரி வளையும். இலையை மடக்கினா அப்பளம் மாதிரி ஒடியும். நல்ல இலை ஒடியாது. இதைப் பாத்தே எங்கப்பா மூட்டைத் தோண்டுவாரு.

உனக்க மாமன்ட்ட ஒண்ணு சொல்லு. வெட்டுறதுக்கு முன்ன குருத்துல மண்ணெண்ணெய் ஊத்தச் சொல்லு. அந்தக் கறுத்த பேன் இருக்கே, அசுவினி, அது சாகணும். வெட்டிப் போட்டா பேன் இறங்கி அடுத்த மூட்டுக்குப் போயிரும். நோயைப் பரத்துறது அதாக்கும். மண்ணெண்ணெய் இப்பம் எங்க கிடைக்குன்னு கேட்டா எனக்கும் தெரியாது.

மார்த்தாண்டத்தான் · செவ்வாய், மதியம் 1.10

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்தக் கோடு தெரிவதற்கு முன்னாலேயே வைரஸ் செடிக்குள் வந்துவிடுகிறது. பேன் கடித்த பிறகும் நல்ல இலை போலவே இரண்டு இலை விரியும், அதற்கப்புறம்தான் அறிகுறி. அந்த இடைவெளியில் பக்கக்கன்றைப் பிரித்து விற்றால் நோயும் கூடவே போகிறது. 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கோட்டயம் பக்கம் இது வந்து சேர்ந்ததும் கன்று மூலமாகத்தான். பழனி மலையில் விருப்பாச்சி வாழை ஏறக்குறைய அழிந்ததும் இதே நோயால்தான். கண்ணுக்குத் தெரியாத அந்த நாட்களுக்குத்தான் மெஷின்.

(நான் திருவனந்தபுரத்தில் போஸ்ட்டாக். தாவர வைரஸ் அல்ல, வேறு துறை, ஆனால் க்யூபிசிஆர், அதாவது ரியல் டைம் பிசிஆர், தினமும்.)

மட்டிக்குலைக்கு ஒரு கேள்வி: உன் கிட் வைரஸின் எந்தத் துண்டைப் பிடிக்கிறது? முடிக்கொத்து வைரஸ் ஒற்றை டிஎன்ஏ அல்ல. ஆறு வட்டங்கள், ஒவ்வொன்றும் ஆயிரத்துச் சொச்சம் எழுத்து, ஒற்றை இழை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புரத உறை. ஆறு துண்டு, ஆறு சட்டை. செடிக்குள் ஆறும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆகவே "இத்தனை வைரஸ்" என்று எழுதாதே. "இந்தத் துண்டு இத்தனை நகல்" என்று எழுது. ஆய்வேட்டில் வெளித்தேர்வாளர் பிடிக்கும் முதல் இடம் இதுதான்.

இன்னொரு நுணுக்கம். கிட்டில் வரும் ஸ்டாண்டர்ட் (அந்தப் பாசிட்டிவ் கன்ட்ரோல்தான்) பெரும்பாலும் இரட்டை இழை. உன் வைரஸ் ஒற்றை இழை. முதல் சைக்கிள் அதை இரட்டையாக்குவதிலேயே போய்விடும். அதனால் ஒரு சைக்கிள் பிந்தும், கணக்கு பாதியாகக் காட்டும். செடிக்குள் பெருகும்போது இரட்டை இழை வடிவமும் கொஞ்சம் இருக்கும், எனவே சரியாகப் பாதி என்றும் சொல்ல முடியாது. செடிக்குச் செடி ஒப்பிட இது பெரிய குறை இல்லை. எண்ணை எண்ணாகவே நம்பினால் குறை.

ஸ்டாண்டர்டைப் படிப்படியாக நீர்த்து ஓட்டி வரைந்த கோட்டின், அதாவது ஸ்டாண்டர்ட் கர்வின், சாய்வு என்ன வந்தது?

மட்டிக்குலை · செவ்வாய், மதியம் 1.45

துண்டு ஆர்னு தாள்ல இருக்கு, பெருகுறதுக்கான புரதத்தை உண்டாக்குற துண்டு. ப்ரைமர் வரிசை தரல, வியாபார ரகசியமாம்.

சாய்வு -3.9. வாழைப்பால் பிசிஆரை அமுக்குதுன்னு நினைச்சேன்.

கைக்காசு · செவ்வாய், மாலை 5.30

கிட்டே வாங்காதீங்கங்கிறதுதான் என் கட்சி. டிஎன்ஏ வைரஸ், ரிவர்ஸ் ட்ரான்ஸ்க்ரிப்ஷன் (ஆர்என்ஏவை டிஎன்ஏவா மாத்துற படி) கூட வேண்டாம். ரெண்டு ப்ரைமர் ஆர்டர் பண்ணி சைபர் கிரீன் சாயத்துல ஓட்டினா ஒரு கிட் காசுல ஆயிரம் சாம்பிள் பாக்கலாம். ப்ரைமர் வரிசையே சொல்லாத கிட்டை வெச்சு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறது, மூடின பொட்டியை எடை போட்டு விக்கிற மாதிரி. எங்க லேப்ல நாலு வருஷமா கிட் வாசமே கிடையாது.

பைப்பெட்_அக்கா · செவ்வாய், மாலை 6.05

சைபர் கிரீன் எந்த இரட்டை இழையிலயும் ஒட்டும் தம்பி. ப்ரைமரே ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு கிடந்தாலும் விளக்கு எரியும். 35-க்கு மேல தான் இந்தப் பிள்ளைக்கு விஷயமே இருக்கு, அங்க சைபரை வெச்சா மெல்ட் கர்வ் (சூடாக்கி எந்தத் துண்டுன்னு பிரிச்சுப் பாக்கிற கோடு) பாத்துப் பாத்துக் கண்ணு போயிரும்.

கைக்காசு · செவ்வாய், மாலை 6.20

மெல்ட் கர்வ் பாக்கத் தெரிஞ்சா கண்ணு ஏன் போவுது? கிட் ஆளுங்க பாசிட்டிவ்னு சொன்னா நம்புவீங்க, மெஷின் காட்டுற கர்வை நம்ப மாட்டீங்க.

பைப்பெட்_அக்கா · செவ்வாய், மாலை 6.24

நான் எவனையும் நம்பல. என்டிசியை மட்டும் நம்புதேன்.

நிர்வாகி · செவ்வாய், மாலை 7.00

நடுவில் ஒருவர் "உடனடி டெலிவரி, சிறப்புத் தள்ளுபடி" என்று போன் நம்பரோடு போட்ட பதிவு நீக்கப்பட்டது. விற்பனைக்கு வேறு இடம் இருக்கிறது.

மார்த்தாண்டத்தான் · செவ்வாய், இரவு 9.40

-3.9க்கு வருகிறேன். வாழைப்பாலைக் குற்றம் சொல்லாதே. ஸ்டாண்டர்ட் கர்வில் வாழையே இல்லையே, வெறும் ஸ்டாண்டர்டும் பஃபரும்தான். அங்கே சாய்வு கெட்டால் நீர்த்த கையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு சைக்கிளிலும் சரியாக இரட்டித்தால் பத்து மடங்கு நீர்ப்புக்கு 3.32 சைக்கிள். -3.1 முதல் -3.6 வரை ஏற்றுக்கொள்வார்கள். -3.9 என்றால் திறன் 80 சதம் என்று மென்பொருள் காட்டியிருக்கும். ஆனால் ரியாக்ஷன் நன்றாகவே நடந்து, நீ மட்டும் பத்து மடங்கு என்று நினைத்துப் பதினைந்து மடங்கு நீர்த்திருந்தாலும் அதே -3.9 வரும். எப்படி நீர்த்தாய், 9 மைக்ரோலிட்டரில் 1 சேர்த்தாயா? அப்படியானால் 1 என்று நினைத்து 0.64 எடுத்திருக்கிறாய். கணக்கு அப்படியே பொருந்துகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. வேதியியல் துறையில் நல்ல தராசு இருக்கும். சின்ன ட்யூபை வைத்துப் பூஜ்யம் ஆக்கி, அந்தப் பைப்பெட்டால் 1 மைக்ரோலிட்டர் தண்ணீர் பத்துத் தடவை விடு. 10 மில்லிகிராம் காட்ட வேண்டும்.

வாழைப்பால் பிரச்சினை உண்மைதான், ஆனால் அது சாம்பிள் பக்கம். அதற்கு வேறு சோதனை. ஒரு சாம்பிளை அப்படியே ஒன்று, பத்து மடங்கு நீர்த்து ஒன்று ஓட்டு. 3.3 சைக்கிள் பிந்தினால் சுத்தம். ஒன்றரைதான் பிந்துகிறது, அல்லது நீர்த்தது முந்துகிறது என்றால் ஏதோ அமுக்குகிறது. டிஎன்ஏ பிரிக்கும் சிடிஏபி பஃபரில், பழுப்பாக்கும் பொருளைப் பிடிக்கிற பிவிபி சேர்த்தாயா? சேர்க்காவிட்டால் பழுப்பு நிறத்தில் வரும்.

நோய் தெரிந்த அந்த 17ஐயும் நீர்த்தே ஓட்டு. உன் ஸ்டாண்டர்டின் மேல் எல்லையே 10 லட்சம் நகல்தான், அது அதற்கும் மேலே போகிறது. கோடு போட்ட இடத்துக்கு வெளியே அளக்கக் கூடாது.

இறால்பண்ணை · புதன், காலை 9.15

நான் இறால் வெள்ளைப்புள்ளி வைரஸ் பாக்கிற ஆள். கிட் எப்படி வந்துதுன்னு யாரும் கேக்கலயே? எங்களுக்கு ஒரு தடவை மாஸ்டர் மிக்ஸ் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில்ல ஒரு கூரியர் ஆபீசுக்கு வந்து திங்கள் வரைக்கும் அங்கயே கெடந்துது. ஐஸ் ஜெல் பாக்கெட்டைத் தொட்டா டீ கிளாஸ் மாதிரி சூடு. சப்ளையர்ட்ட கேட்டா, "நாங்க குளுகுளுன்னுதான் அனுப்பினோம்"னுட்டாரு.

2017 ஒக்கி நேரத்துல கறண்டு போனது எல்லாருக்கும் ஓர்மை இருக்கும். நவம்பர் 30 அடிச்சுது, எங்க ஊருக்கு வெளிச்சம் வர நாளு எத்தனையோ ஆச்சு. ஃப்ரீசர்ல இருந்த என்சைம் எல்லாம் போச்சு. உலர்ந்த பொடி கிட் மட்டும் பிழைச்சுது. அதுலருந்து நான் தூள் கிட்தான். கரைச்சதும் சின்னச் சின்ன பங்கா பிரிச்சு -20ல போட்ரு, ஒரே ட்யூபை உருக்கி உறைய வெச்சு உருக்கி உறைய வெச்சா ப்ரோப் சாயம் கழண்டுரும். வெளிச்சமும் ஆகாது, ஃபாயில் சுத்து.

வெளைக்காரன் · புதன், காலை 10.00

ஒக்கியில எனக்க 800 மூடு செந்துளுவனும் ஏத்தனும் ஒரே ராத்திரியில படுத்துது. ரப்பரும் ஒடிஞ்சுது. அதைப் பேசினா இந்த இழை பத்தாது.

நான் கேக்க வந்தது வேற. இந்தப் பிள்ளை டெஸ்ட் பண்ணி "இல்ல"ன்னு வந்த மூட்டுல உள்ள கன்னை, வைரஸ் இல்லாத கன்னுன்னு சீட்டு ஒட்டி விக்கலாமா? மட்டி வாழைக்கு 2023ல புவிசார் குறியீடு வந்ததுலருந்து கன்னு கேட்டு வருவாவ.

மார்த்தாண்டத்தான் · புதன், மதியம் 12.30

முடியாது அண்ணாச்சி. கிட் மேலேயே "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று அச்சடித்திருப்பார்கள். அது சும்மா சொல் அல்ல. அந்த முடிவை வைத்து யாருக்கும் சான்று தரக் கூடாது. டிஷ்யூ கல்ச்சர் கன்றுக்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் கொண்டுவந்த சான்று முறை தனியாக இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் வைரஸ் பார்த்து, தொகுதிக்குத் தொகுதி சான்று. திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

மேலும், "இல்லை" என்று மெஷின் சொல்வது "நான் எடுத்த இந்தத் துளியில் இல்லை" என்றுதான் பொருள். துளியில் சராசரி மூன்று நகல் இருந்தால்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை பிடிக்கும். எந்தக் கொம்பன் கிட்டாலும் அதைத் தாண்ட முடியாது, அது எண்கணிதம். அதோடு இந்த வைரஸ் சாறு ஓடும் குழாய்க்குள் மட்டும் இருப்பது. இலை ஓரத்தைக் கிள்ளி எடுத்தால் வைரஸ் இருந்தும் வராது. இளம் இலையின் நடுநரம்பு, காம்பு, அங்கே எடுக்க வேண்டும்.

மட்டிக்குலை · புதன், மதியம் 1.05

நான் இலைப் பரப்புலதான் எடுத்தேன்... சரி, எல்லாத்தையும் முதல்லருந்து எடுக்கேன்.

மாமா விளையில வாழைக் கோட்டு வைரஸும் பாக்கலாம்னு கைடு சொல்றாரு. அதுக்கும் கிட் இருக்காம்.

மார்த்தாண்டத்தான் · புதன், இரவு 8.15

அதில் கால் வைக்காதே, இப்போதைக்கு வேண்டாம். அந்த வைரஸின் வரிசை காட்டுவாழை பால்பிசியானாவின் குரோமோசோமுக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது. அந்த வம்சம் பி மரபணுத் தொகுதி. ஏத்தன் ஏஏபி, அந்த பி அதிலும் உண்டு. அதாவது நோயே இல்லாத ஏத்தனிலும் சாதா பிசிஆர் பாசிட்டிவ் காட்டலாம், தாத்தா காலத்து எச்சத்தைப் பிடித்துக்கொண்டு. உண்மையான வைரஸ் துகளை ஆன்டிபாடி பூசிய ட்யூபில் பிடித்து, செடி டிஎன்ஏவை டிஎன்ஏஸ் என்சைம் போட்டு அழித்து, பிறகு பிசிஆர் செய்ய வேண்டும். மட்டி ஏஏ, அதில் இந்தத் தலைவலி இல்லை. உன் பயனர்ப் பெயருக்கு ஏற்ற வாழையை எடுத்திருக்கலாம்.

பூவடல் தேமல் வைரஸ், வெள்ளரித் தேமல் வைரஸ் இரண்டும் ஆர்என்ஏ. அவற்றுக்கு ரிவர்ஸ் ட்ரான்ஸ்க்ரிப்ஷன் படி உள்ள கிட் வேண்டும், இதே மாஸ்டர் மிக்ஸ் உதவாது. ஒரே கிட்டில் எல்லாம் முடியும் என்று விற்க வருபவரிடம் இதைக் கேட்டுப் பார்.

க்யூபிசிஆர் முடிவை எப்படி எழுத வேண்டும் என்று 2009இல் வந்த எம்ஐக்யூஇ விதிமுறையை அச்சடித்து மேஜையில் ஒட்டு. 2025இல் புதுப்பித்திருக்கிறார்கள். அதன்படி சிடி என்று எழுதக் கூடாது, சிக்யூ. இங்கே நானே சிடி என்றுதான் சொல்கிறேன், விடு.

கைக்காசு · வியாழன், காலை 7.50

யோசிச்சேன். அக்காட்ட சண்டை போட்டது போட்டதுதான், ஆனா எனக்க சைபர் இங்க ஒரு வேலைக்கு ஆகும்.

இந்தப் பிள்ளை கிட்டோட ஸ்டாண்டர்ட் துண்டு ஆர். அசுத்தம் ஸ்டாண்டர்டில இருந்து வந்ததா, நோய் இலையில இருந்து வந்ததான்னு பிரிக்கணும்னா, வேற துண்டைப் பாரு. உறைப் புரதம் உள்ள துண்டு எஸ். கிட் ட்யூப்ல அது கிடையாது, இலையில உண்டு. எஸ் துண்டுக்கு எங்க லேப்ல சோதிச்ச ப்ரைமர் ரெண்டு ஃப்ரீசர்ல கெடக்கு. தனிச்செய்தியில விலாசம் போடு, அனுப்புதேன். காசு வேண்டாம்.

பைப்பெட்_அக்கா · வியாழன், காலை 8.10

இதைக் கொள்ளாம். ஒத்துக்கிடுதேன்.

மட்டிக்குலை · பத்து நாள் கழிச்சு, ஞாயிறு, இரவு 9.30

திரும்ப வந்துட்டேன். பெரிய பதிவு, பொறுத்துக்கிடுங்க.

முதல்ல தராசு. பத்துத் தடவை 1 மைக்ரோலிட்டர், 10 மில்லிகிராம் வரணும். வந்தது 6.6. கழட்டிப் பாத்தா உள்ள இருக்க ரப்பர் வளையம் வெடிச்சு பாதி பிய்ஞ்சு கெடக்கு. ஒன்றரை வருஷமா நான் அந்தப் பைப்பெட்டுல எடுத்த எல்லாக் கணக்கையும் நினைச்சு அன்னைக்குச் சாப்பிடல.

தாவரவியல்ல ஒரு மூலை கிடைச்சுது. ப்ளீச்சு, புதுத் தண்ணி, கடன் வாங்கின பைப்பெட். எட்டுத் தண்ணிக் குழி, 45 சைக்கிள், எட்டுலயும் கோடு தரையோட படுத்துக் கெடந்துது. இப்படி ஒண்ணுமே இல்லாத படத்தை யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டாங்க. அம்மா "என்னட்டி இது, மெஷின் கெட்டுப்போச்சா?"ன்னு கேட்டா.

பழைய டிஎன்ஏவை வீசல. கைக்காசு அண்ணன் ப்ரைமர் வெச்சு எஸ் துண்டு பாத்தேன். பழைய தண்ணி ட்யூப்ல எஸ் இல்ல. பழைய "நல்ல" இலை பதினேழுல பதினொண்ணுல எஸ் இருந்துது. அப்பம் தண்ணியில இருந்தது கிட் ஸ்டாண்டர்ட், இலையில இருந்தது உரல். அக்கா சொன்ன ரெண்டு குற்றவாளியும் தனித்தனியா மாட்டியாச்சு.

22 மூட்டுலயும் இளம் இலை நடுநரம்பு திரும்ப எடுத்தேன். ஒவ்வொண்ணுக்கும் தனிப் பை, தனி பிளாஸ்டிக் குச்சி, உரலே கிடையாது. எக்ஸ்ட்ராக்ஷன் பிளாங்க் ரெண்டு, ரெண்டும் சுத்தம். ஸ்டாண்டர்டை இந்தத் தடவை 180ல 20 சேர்த்து நீர்த்தேன், ஒவ்வொரு படிக்கும் டிப் மாத்தி. சாய்வு -3.36, திறன் 98 சதம்.

எல்லாமே 25 நானோகிராம் டிஎன்ஏ கணக்குல. நோய் தெரிஞ்ச அஞ்சும், பத்து மடங்கு நீர்த்து ஓட்டி 21 சுத்தி. திருப்பிப் பெருக்கினா ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 17 லட்சம் நகல். பதினேழு நல்ல மூட்டுல பதினாலுல எதுவுமே இல்ல. ஒண்ணு 27, சுமார் 3,500 நகல். ஒண்ணு 29, ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. ரெண்டும் நோய் மூட்டுக்கு அடுத்தடுத்து, ஓடைக்கரை ஓரம் நிக்கிறது. வெளிய ஒரு கோடு கூட இல்ல, நானும் மாமாவும் வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பாத்தோம் அண்ணாச்சி, இலையும் ஒடியல.

கடைசி ஒண்ணுதான் தூங்க விடல. மூணு குழியில ஒண்ணுல மட்டும் 38.4. மிச்சம் ரெண்டுல இல்ல. பாசிட்டிவா நெகட்டிவா?

மார்த்தாண்டத்தான் · ஞாயிறு, இரவு 10.05

அருமை. 38.4 என்றால் அந்தக் குழியில் ஒன்றோ இரண்டோ நகல். சராசரி அரை நகலுக்கும் கீழே இருந்தால் மூன்றில் ஒன்றுதான் பிடிக்கும், மிகவும் இயல்பு. எண்ணிக்கை போடாதே, அளவிடும் எல்லைக்குக் கீழே என்று எழுது. அதே டிஎன்ஏவை எட்டுக் குழியில் ஓட்டு. அதைவிட முக்கியம், அதே மூட்டில் இன்னொரு இலையில் புதிதாக எடு. இரண்டு வாரம் விட்டு மூன்றாவது தடவை. எண் ஏறினால் அது வைரஸ். உன் ஆய்வேட்டின் மிகச் சுவையான செடியே அதுதான், ஆரம்பத்திலிருந்தே பெருகுவதைப் பிடித்துவிடலாம்.

வெளைக்காரன் · திங்கள், காலை 6.30

ஓடைக்கரை ரெண்டையும் எடுக்கச் சொல்லு மக்ளே. ஒடியலன்னா என்ன, பேன் அதுல இருக்கும். இந்த 38 வெட்டாண்டாம், நிக்கட்டும், ஆனா வலை போட்டு மூடச் சொல்லு. எனக்க விளைக்கும் ஒருநாள் வா. ஏத்தங்காய் சிப்ஸ் வறுத்து வைக்கேன்.

மட்டிக்குலை · திங்கள், மாலை 5.50

இன்னைக்கு மத்தியானம் இலை எடுக்கப் போனேன்.

ஓடைக்கரை ரெண்டையும் மாமா முறைப்படி எடுத்துட்டாரு. யாரோ படகுக்காரங்கட்ட கெஞ்சி ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் வாங்கி வந்து குருத்துல ஊத்தி, ஒருநாள் விட்டுத் தோண்டியிருக்காரு. நான் போனப்ப மூணாவது குழியை மண் போட்டு மூடிக்கிட்டு இருந்தாரு.

"இதையும் ஏன் மாமா?"ன்னு கேட்டேன்.

"நீதானே சந்தேகம்னு சொன்ன"ன்னாரு.

பைப்பெட்_அக்கா · திங்கள், மாலை 6.00

அந்த டிஎன்ஏ ட்யூப் -20ல பத்திரமா இருக்கா?

மட்டிக்குலை · திங்கள், மாலை 6.02

இருக்கு அக்கா. 11 மைக்ரோலிட்டர் மிச்சம்.

பைப்பெட்_அக்கா · திங்கள், மாலை 6.03

ரெண்டு குழிக்குத்தான் காணும். ஃபேனை நிறுத்திட்டு ஓட்டு.